கிளிப்பைத் தேடி: தென்காசி முதல் பிரானூர் வரை

பழைய கார் ஒன்றை மீட்டெடுக்கும் பணியில் எஞ்சினும் கியர்பெட்டியும் பெரிய தடைகளாகத் தோன்றினாலும் அவற்றைச் சீர்செய்யும் வழிகள் தெரிந்தவையே. தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து அடுத்த அளவுப் பிஸ்டன் போடுவதும், கிராங்க் ஷாப்டைக் கடைந்தெடுப்பதும் தமிழகத்தின் நடுத்தர நகரங்களில் இன்றும் நடந்துகொண்டிருக்கும் வேலைகள். பணி மாதக்கணக்கில் நின்றுபோவது பெரும்பாலும் விரல்நுனியில் அடங்கிவிடும் பொருள்களால்தான். காரின் பக்கவாட்டில் ஓடும் பளபளப்பான உலோகப் பட்டை, கதவின் உட்புறத்தை மூடும் ரெக்ஸின் போர்த்திய பலகை, கூரையின் உள்துணி, கண்ணாடி ஓரத்து பீடிங் ஆகியவற்றைச் சேர்த்து ‘டிரிம்’ என்பது தொழில்வழக்கு. இவற்றை உடல்தகட்டோடு பிணைக்கும் கிளிப், ஸ்க்ரூ, கப் வாஷர் போன்றவை வெளியில் தெரியாமல் இருக்கவே வடிவமைக்கப்பட்டவை என்பதால், அவை உடைந்து விழும்வரை அவற்றை எவரும் நினைப்பதில்லை.

சென்னையில் மீட்டெடுக்கப்பட்டுவரும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்றின் நான்கு கதவுகளுக்கும் வேண்டிய கிளிப்புகளே இப்பயணத்துக்குக் காரணமாயின. ஹெரால்டு, பிரிட்டனின் டிரையம்ப் நிறுவனத்துக்காக இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவான்னி மிக்கெலோட்டி வரைந்த கார். அங்கு 1959இல் வெளிவந்த அதனை 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியிலிருந்த தன் ஆலையில் உருவாக்கியது. பிரிட்டனில் ஒருபோதும் செய்யப்படாத நான்கு கதவு ஹெரால்டு இங்கேதான் பிறந்தது. அந்தப் பெருமைக்கு ஒரு விலையும் உண்டு. டிரையம்ப் கார்களுக்கான உதிரிப்பாகங்களைச் செய்வோர் பிரிட்டனில் இன்றும் இருக்கிறார்கள் என்றாலும், இந்தியாவில் மட்டுமே இருந்த பின்கதவுகளுக்கு உரியவை அவர்களுடைய பட்டியலில் இடம்பெற வழியில்லை.

சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிப்பாகக் கடைகளில் கதவு முழுதாகக் கிடைக்கலாம், பம்பரும் கிரில்லும் கிடைக்கலாம்; கிளிப் மட்டும் கிடைப்பதில்லை. பலகையை நெம்பி எடுக்கும்போதே அது உடைந்துவிடுகிறது, உடையாமல் தப்பியதும் தரையில் விழுந்து குப்பையோடு போகிறது. தென்காசி வட்டாரத்தின் நிலை வேறு. அங்கு ஆண்டுதோறும் சாரல் கதவுப் பலகைகளைக் கெடுத்துக்கொண்டே இருப்பதால் கிளிப்புகளைக் கழற்றுவதும் மாற்றுவதும் குஷன் கடைகளின் அன்றாட வேலையாக நீடிக்கிறது. ஒரு பொருள் எங்கே ஓயாமல் கெடுகிறதோ அங்கேதான் அதைச் செப்பனிடும் அறிவும் அழியாமல் இருக்கும் என்ற எண்ணமே பயணிகளைச் சாரல் காலத்தில் மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்துக்கு அழைத்துச் சென்றது.

தென்காசி

ஜூன் மாதத்தில் சென்னையின் வெயிலையும் வியர்வையையும் விட்டு இங்கு வந்திறங்குவோரை முதலில் எதிர்கொள்வது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே, அதாவது மலைத்தொடரின் உயரம் தாழ்ந்திருக்கும் ஆரியங்காவுப் பகுதியின் வழியே, கேரளத்திலிருந்து ஈரத்தோடு நுழைந்து நகரின்மேல் வீசுகிறது. காசி விசுவநாதர் கோயிலின் கோபுர வாசலில் நிற்பவரின் வேட்டி அடங்காமல் படபடக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் அரிகேசரி பராக்கிரம பாண்டியன் எழுப்பிய இக்கோயிலின் கல்வெட்டுகளில், பிற்காலத்தில் இதற்கு ஏதேனும் பழுது நேர்ந்தால் அதைச் செப்பனிட்டுக் காப்பவர் எவராயினும் அவரைத் தான் பணிவதாக மன்னனே சொல்கிறான். கட்டியவனே தனக்குப் பின்வரும் பழுதுபார்ப்போரை முன்கூட்டி வணங்கிய ஊர் இது. நெடுங்காலம் சிதைந்து கிடந்த கோபுரம் மீண்டும் எழுப்பப்பட்டு 1990இல் குடமுழுக்குக் கண்டதை நகரத்தின் முதியவர்கள் நேற்று நடந்ததுபோலவே பேசுகிறார்கள்.

கடைத்தெருவின் ஹார்டுவேர் கடைகளில் முதல் தேடல் ஸ்க்ரூக்களைப் பற்றியதாக இருந்தது. இங்கே மரையின் கதையைச் சற்று விரித்துச் சொல்வது தேவை. மரை என்பது திருகாணியின் உடலில் சுற்றிச்செல்லும் வெட்டு. இரண்டு வெட்டுகளுக்கு இடையேயான தொலைவு அதன் இடைவெளி. ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த மரை முறை பிரிட்டனின் முதல் பொதுத் தரமானது. கடிகாரம், அளவுமானி போன்றவற்றின் சிறு ஆணிகளுக்காக பிரிட்டிஷ் அசோசியேஷன் 1884இல் பரிந்துரைத்த முறை ‘பி.ஏ.’ மரை எனப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ஆணி பிரிட்டிஷ் நட்டில் சேராத துன்பத்துக்குப் பின், 1948இல் அமெரிக்காவும் கனடாவும் பிரிட்டனும் ஒன்றுகூடி ‘யூனிஃபைடு’ மரையை ஏற்றன. ஹெரால்டின் பெரிய போல்ட்டுகள் இந்த யூனிஃபைடு முறையில் அமைந்தவை; மின்கருவிகளின் சிறு ஆணிகளிலோ பழைய பி.ஏ. மரை தொடர்ந்தது. இந்தியா 1956இல் சட்டம் இயற்றி மெட்ரிக் அளவைக்கு மாறத் தொடங்கியது. இவ்வாறாக, நாடு மில்லிமீட்டருக்கு மாறிக்கொண்டிருந்த ஆண்டுகளில் அங்குல மரையோடு சென்னையில் செய்யப்பட்ட கார் இது.

இதன் விளைவு கடையின் மேசைமேல் வெளிப்படையாகத் தெரிந்தது. இரண்டாம் எண் பி.ஏ. ஆணியின் தடிமன் 4.7 மி.மீ., மரை இடைவெளி 0.81 மி.மீ.; பத்தாம் எண் யூனிஃபைடு நுண்மரை ஆணிக்கு அவை 4.83, 0.79, இன்றைய ஐந்து மில்லிமீட்டர் ஆணிக்கு 5.0, 0.8. கண்ணுக்கு மூன்றும் ஒன்றே. ஐந்து மில்லிமீட்டர் நட்டுக்குள் பி.ஏ. ஆணி தடையின்றி ஏறிவிடும், இறுகியதுபோலவும் தோன்றும். ஆனால் மரையின் நுனிகள் மட்டுமே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் வண்டி சில நூறு கிலோமீட்டர் குலுங்கியதும் கழன்றுவிடும். இந்தப் பொய்ப்பொருத்தமே பழைய கார்களுக்குப் பெருங்கேடு செய்கிறது. பொருந்தாத ஆணி பொருந்தாது என்று தெரிந்துவிட்டால் தேடல் தொடரும். பொருந்தியதாகத் தோன்றுவதோ, துளையின் மரையையும் அழித்துவிட்டுத்தான் வெளிவருகிறது.

கோயிலுக்குச் சற்றுத் தள்ளிய சந்து ஒன்றில், ஒரு ஆள் மட்டுமே நின்று வேலைசெய்யக்கூடிய குஷன் கடை. இருக்கை தைப்பது, கதவுக்கு ரெக்ஸின் போர்த்துவது, கூரைத்துணி மாற்றுவது ஆகியவற்றைச் செய்பவரைக் குஷன்காரர் என்பது வழக்கம். எழுபதைக் கடந்த அந்த முதியவர், பயணிகள் காகிதப் பொட்டலத்தில் கொண்டுவந்திருந்த உடைந்த கிளிப்பை உள்ளங்கையில் வைத்துச் சிறிது நேரம் உருட்டிப் பார்த்தார். “கார் வராட்டாலும் பரவால்ல தம்பி, ஓட்டையோட அளவு வந்திருக்கணும்லா” என்றார். கேட்டு நின்றவர்களிடம் அதற்கு விடை இல்லை. “அண்ணாச்சி சொல்றது சரிதான்” என்பதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

அவர் விளக்கியதன் சாரம் பின்வருமாறு. கிளிப்பின் ஒரு முனை பலகையின் பின்புறத்தில் வெட்டப்பட்ட பள்ளத்தில் மாட்டிக்கொள்கிறது. மறுமுனை வளைந்த இரண்டு கால்களாகப் பிரிந்து, இடையில் மொட்டுப்போல் பருத்து, நுனியில் மீண்டும் குறுகுகிறது. பலகையைக் கையால் தட்டும்போது கால்கள் ஒடுங்கிக் கதவுத் துளைக்குள் நுழைந்து, அப்புறம் சென்றதும் விரிந்து கவ்விக்கொள்கின்றன. ஆகவே தெரியவேண்டியவை மூன்றே: துளையின் விட்டம், கதவுத் தகட்டின் கனம், பலகையின் கனம். இம்மூன்றும் இருந்தால் கிளிப்பைப் பார்க்காமலே செய்துவிடலாம். இவை இல்லாமல் கையில் கிளிப்பே இருந்தாலும், ஐம்பது ஆண்டுகளாகச் சோர்ந்து வளைந்துபோன அதன் உருவம் செய்பவரைத் தவறான அளவுக்கே கொண்டுசெல்லும்.

மேலகரம் வழியே

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குச் செல்லும் சாலை மேலகரத்தைக் கடந்ததும் மலை முழுதாகக் கண்ணுக்குள் வருகிறது. இலஞ்சிப் பக்கத்து வயல்களும் தென்னந்தோப்புகளும் மேகநிழலில் கரும்பச்சையாகக் கிடக்க, வெயிலும் தூறலும் ஒரே வயலில் அடுத்தடுத்து வந்துபோகின்றன. சென்னையில் மழை என்றால் கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்வது. இங்கோ அது நனைக்கிறதா இல்லையா என்று தெரியாமலே நாள்முழுதும் காற்றில் நிற்கிறது.

குற்றாலம்

அருவிக்கரைக் கூட்டத்தைப் பற்றிப் பலரும் எழுதியிருப்பதால் அதை இங்கே விரிக்க வேண்டியதில்லை. எண்ணெய் தேய்த்துக்கொண்டு பேரருவிக்குச் செல்வோர், தோளில் ஈரத்துண்டோடு ஐந்தருவிச் சாலையில் நடப்போர், கூடைகளில் மங்குஸ்தானும் ரம்புத்தானும் வைத்திருக்கும் பெண்கள் என்று சீசன் களைகட்டியிருந்தது. மங்குஸ்தானின் தடித்த ஊதாத்தோலை இரு கைகளாலும் அழுத்திப் பிளந்து, உள்ளிருக்கும் வெண்சுளையைச் சேதமின்றி எடுக்கப் பழக்கடைக்கார அம்மாள் கற்றுத்தந்த விதம், கதவுப் பலகையைக் கழற்றும் விதத்துக்கும் உதவக்கூடியது; ஒரே இடத்தில் நெம்பாமல் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் தரவேண்டும்.

ஒருகாலத்தில் சீசன் பயணிகளை அருவி அருவியாக ஏற்றிச்சென்ற வாடகைக் கார்கள் பெரும்பாலும் அம்பாசிடர்கள். இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை செய்த அந்தக் கார், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையின் வழிவந்தது. ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவர் ஐந்தருவிச் சாலைப் பக்கத்தில் தகரக் கொட்டகையின்கீழ் தம் அம்பாசிடரை நிறுத்தி வைத்திருக்கிறார். பின்கதவின் பலகையைக் கழற்றிப் பார்க்க அவர் மகிழ்ச்சியோடு இசைந்ததுடன், வீட்டிலிருந்து சுக்குக்காப்பியும் கொண்டுவந்து தந்தார்.

கழற்றிய பலகையின் பின்புறம் சாரலின் வேலையைத் தெளிவாகக் காட்டியது. கார்க்கதவு என்பது நீர் புகாத பெட்டி அன்று. ஏறி இறங்கும் கண்ணாடியின் ஓரமாக நீர் உள்ளே வழிந்து, கதவின் அடியிலுள்ள வடிதுளைகளின் வழியே வெளியேறும் என்பதே அதன் வடிவமைப்பு. நீர் பலகையை எட்டாமலிருக்க இடையே மெழுகுத்தாளோ பிளாஸ்டிக் தாளோ ஒட்டப்பட்டிருக்கும். இந்தத் தாள் கிழிந்தபின் எவரும் மீண்டும் ஒட்டுவதில்லை. அம்பாசிடரின் ஹார்டுபோர்டு பலகை கீழ்ப்பாதியில் ஊறி, இருமடங்கு பருத்து, ஓரங்களில் நாராகப் பிரிந்திருந்தது. கிளிப் மாட்டும் பள்ளங்கள் வாய்பிளந்து, கிளிப்பைப் பிடிக்கும் வலுவை இழந்திருந்தன. ஒவ்வொரு துளையைச் சுற்றியும் பழுப்பு வளையம் ஒன்று. கிளிப்பின் துத்தநாகப் பூச்சு வெண்பொடியாகி உதிர்ந்தபின் அடியிலிருந்த எஃகில் துருவேறி, அந்தத் துரு கதவின் தகட்டையும் தொற்றியிருந்தது. நான்கு கிளிப்புகள் முழுதாக இருந்தன. மற்றவற்றின் இடத்தில், முன்பு எவரோ பலகையின் முகத்திலிருந்தே துளைத்து இறக்கிய ஸ்க்ரூக்கள் இருந்தன.

இந்த ஸ்க்ரூக்களைப் பற்றி உறுதியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. தானே மரை வெட்டிக்கொண்டு இறங்கும் ஸ்க்ரூ பத்து நிமிடத்தில் வேலையை முடித்துவிடும். ஆனால் கதவில் துளை இல்லாத இடத்தில் புதிய துளை உண்டாகிறது, அத்துளையின் விளிம்பில் பெயிண்ட் இல்லை, அடுத்த சாரலில் துரு அங்கிருந்துதான் புறப்படும். பக்கப் பட்டைகளைப் பசைநாடாவால் ஒட்டுவதும் இத்தகையதே. பின்னொரு நாள் பட்டையை எடுக்கும்போது பழைய பெயிண்டும் சேர்ந்து உரிந்துவரும். கிளிப்பை மாற்றுவது எத்தனை முறை நடந்தாலும் கார் பழைய காராகவே இருக்கும். துளையிட்ட பிறகு அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர டிங்கரிங் வேலையும் பெயிண்டும் வேண்டும், அப்போதும் முதல் தகடு திரும்பக் கிடைப்பதில்லை.

குஷன்காரர் சொன்னபடி மூன்று அளவுகளும் அங்கேயே எடுக்கப்பட்டன. துரு சுரண்டிய துளையின் விட்டம் 7 மி.மீ. அளவில் இருந்தது, சென்னைக்குத் தொலைபேசியில் சொல்லி ஹெரால்டின் பின்கதவுத் துளையை அளந்து கேட்டபோதும் அதே எண் வந்தது. வெவ்வேறு நிறுவனங்களின் கார்களில் ஒரே துளை இருப்பது வியப்புக்குரியதன்று. கார் நிறுவனங்கள் கிளிப்பைத் தாமே செய்துகொள்வது அரிது. அதற்கென்றே இருந்த தொழிற்சாலைகள் பல நிறுவனங்களுக்கும் ஒரே பொருளை விற்றன. எஃகுத் தகட்டின் இரு நாக்குகளால் ஆணியைக் கவ்வும் ‘ஸ்பீட் நட்’ எனும் தட்டை நட்டின் வரலாறும் இத்தகையதே: கிளீவ்லாந்தைச் சேர்ந்த ஆல்பர்ட் டின்னர்மன் 1920களில் அதை உருவாக்கியது காருக்காக அன்று, இறுக்கினால் விரிசல் விடும் எனாமல் பூசிய அடுப்புத் தகடுகளைப் பிணைப்பதற்காக. அடுப்பிலிருந்து விமானத்துக்கும் காருக்கும் அது சென்றது. காரின் பெயரைச் சொல்லிக் கிளிப்பைத் தேடுவோர் கைநீட்டும் தொலைவிலிருப்பதையும் தவறவிடுவது இதனால்தான்.

செங்கோட்டை

குற்றாலத்திலிருந்து வடமேற்கே சிறிது தொலைவில் உள்ள செங்கோட்டை, 1956 நவம்பர் முதல் நாள்வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தின் பகுதியாக இருந்து, மொழிவழி மாநிலப் பிரிவினையில் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. வீடுகளின் ஓட்டுக்கூரைச் சரிவிலும், டீக்கடையின் நேந்திரங்காய் வற்றலிலும், பேச்சின் இழுவையிலும் மலைக்கு அப்பாலுள்ள நாட்டின் சாயல் இன்னும் தங்கியிருக்கிறது. எல்லை இடம்பெயர்ந்து பல பத்தாண்டுகள் ஆனபின்னும் பழைய எல்லையிருந்த பிரானூரை மக்கள் ‘பார்டர்’ என்றே அழைக்கிறார்கள்.

பிரானூர்

பிரானூருக்குள் நுழையும்போது மரத்தூளின் மணம் முதலில் வருகிறது. சாலையின் இருமருங்கிலும் மர அறுவை ஆலைகள்; ஈரமான தடிகள் அடுக்கிக்கிடக்க, உள்ளே வளையப் பட்டை ரம்பம் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. இரண்டு பெரிய சக்கரங்களின்மேல் வார்போல் ஓடும் இந்த ரம்பத்தின் எஃகு, ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிரவேண்டியது. அதாவது அது ஸ்பிரிங் எஃகின் குணமுடையது. பல் தேய்ந்தும் அறுந்தும் போன ரம்பங்கள் காயலான் கடைக்குப் போகின்றன. கிளிப் செய்வதற்கான மூலப்பொருள் அங்கே எடைக்கணக்கில் கிடைக்கிறது. சென்னையின் பெரிய ஆலைகள் உலகின் புதிய கார்களுக்குக் கோடிக்கணக்கில் ஆணிகளைச் செய்தனுப்புகின்றன. ஐம்பது கிளிப் கேட்டு அவற்றின் வாயிலுக்குப் போகமுடியாது. ஐம்பதைச் செய்வது இத்தகைய ஊரின் பட்டறையால்தான் முடியும்.

காயலான் கடையை ஒட்டிய லேத்துப் பட்டறையில் அந்த வேலை நடந்தது. ரம்பத்தின் முக்கால் மில்லிமீட்டர் கனமுள்ள துண்டு ஒன்றைப் பட்டறைக்காரர் செந்தணலாகக் காய்ச்சிச் சாம்பலுக்குள் புதைத்து ஆறவிட்டார். மெல்ல ஆறினால் எஃகு இளகும், கத்தரிக்கவும் வளைக்கவும் இணங்கும். மரக்கட்டையில் ஆணிகளை அடித்துச் செய்த அச்சில் வைத்து, குறட்டால் இரு கால்களையும் வளைத்து, மொட்டின் பருமன் துளையைவிட ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இருக்குமாறு சரிபார்த்தார். பின் மீண்டும் செந்தணலாக்கி எண்ணெயில் தோய்த்தபோது அது கண்ணாடிபோல் கடினமானது. இந்நிலையில் அழுத்தினால் ஒடிந்துவிடும். அடுத்து வந்ததே நுட்பமான கட்டம். கிளிப்பைத் தேய்த்து வெண்மையாக்கி, சூடான இரும்புத்தகட்டின்மேல் வைத்தபோது அதன் முகத்தில் முதலில் வைக்கோல் நிறம் படர்ந்தது, பிறகு செம்பழுப்பு, பிறகு ஊதா. நீலம் தோன்றிய கணத்தில், அதாவது ஏறத்தாழ 300 பாகை வெப்பத்தில், அவர் அதைச் சட்டென்று எடுத்துவிட்டார். அந்த நீலத்தில்தான் எஃகுக்கு வளைந்து மீளும் குணம் வருகிறது. பட்டறையில் வெப்பமானி ஏதுமில்லை, கண்ணே அளவுகோல்.

துரு பிடிக்காமலிருக்க மின்முலாம் பூசலாமா என்ற கேள்விக்கு அவர் கூடாது என்றார். முலாம் பூசிய ஸ்பிரிங்குகள் மாட்டிய மறுநாளே தானாக ஒடிவதை அவர் பார்த்திருக்கிறார்; அதன் காரணம் உலோகவியலார் நன்கறிந்தது. அமிலக் கழுவலிலும் மின்முலாமிலும் எழும் ஹைட்ரஜன் கடின எஃகுக்குள் நுழைந்து அதை நொறுங்கச் செய்கிறது. பூசிய சில மணிநேரத்துக்குள் 200 பாகை அளவில் நெடுநேரம் சுட்டெடுத்தால் மட்டுமே அது வெளியேறும். பட்டறைக்காரர் தம் கிளிப்புகளை எண்ணெயில் கருக்கி, மேலே மெழுகு தடவித் தருகிறார். சாரலுக்கு இது போதுமா என்பதைச் சாரலே சொல்லவேண்டும்.

மதியம் பார்டர் கடையில் பரோட்டா. உள்ளங்கையளவேயான சிறிய பரோட்டாக்களை வாழையிலையில் பிய்த்துப்போட்டு, அவற்றின்மேல் சால்னாவை ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள்; பொரித்த நாட்டுக்கோழி தனித்தட்டில் வருகிறது. சென்னையில் ஒன்றுக்கே வயிறு நிறையும் பரோட்டாவைப் பழகியவர்கள் இங்கு எண்ணிக்கையை மறந்துவிடுவது இயல்பு. தடி ஏற்றிவந்த மலையாள லாரி ஓட்டுநர்களும், அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்த குடும்பங்களும், கரிபடிந்த கைகளைக் கழுவிக்கொண்டு வந்த லேத்துக்காரரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்டார்கள்.

ஹெரால்டின் நான்கு கதவுகளுக்கும் உரிய கிளிப்புகளை ஒரேயடியாகச் செய்யச் சொல்லவில்லை. முதலில் ஒரு கதவுக்கு மட்டும் செய்து, குற்றாலத்து அம்பாசிடரின் பின்கதவில் புதிய பலகையோடும் புதிய மெழுகுத்தாளோடும் மாட்டுவது என்றும், சீசன் முடிந்து காற்று திரும்பியபின் ஓய்வுபெற்ற ஓட்டுநரே அதைக் கழற்றிப் பார்த்துச் சொல்வது என்றும், அதன்பிறகே மற்றவற்றைச் செய்வது என்றும் உடன்பாடாயிற்று. பட்டறைக்காரர் தம் குறிப்பேட்டில் காரின் பெயரை எழுதவில்லை. துளை 7, கதவுத் தகடு 0.9, பலகை 3.2 என்று மூன்று எண்களை எழுதி, மாதிரிக் கிளிப்பை அதே பக்கத்தில் கம்பியால் கட்டிவைத்தார்.